கொழும்பிலிருந்து வந்த பதிவுகளும் நெடுந்தீவுக்குப் போன வெறும் பெட்டிகளும்

புத்தகங்களோடு சீவிப்பது லேசு. புத்தகங்களைப் பற்றி வேறு யாரோ எழுதி அனுப்பிய விபரங்களோடு சீவிப்பதுதான் தலையிடி.

ஊர்காவற்றுறையில் இருக்கிறது எங்கள் நூலகம். வெளிநாடுகளில் இருக்கிற தீவார் கூடி, ஒரு அறக்கட்டளை வைத்து நடத்துகிறார்கள். புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஒவ்வொரு கிளை வாசிகசாலை. நான் தலைமை நூலகர். தலைமை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், கூட்டுகிற தும்புத்தடியும் என்னிடம்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் புத்தகம் வந்தால் நானே பிரித்துப் பார்த்து, தலைப்பு, ஆசிரியர், என்ன விடயம் என்று எழுதி அடுக்குவேன். பிறகு கொம்பியூட்டர் வந்தது. அறக்கட்டளைக்காரர் கொழும்பில் ஒரு கம்பனியைப் பிடித்தார்கள். அவர்கள் புத்தகத்தையும் அனுப்பி, அதற்குரிய பதிவையும் ஆயத்தமாகச் செய்து அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கொம்பியூட்டரில் ஏற்றவேண்டியதுதான். "இனி உமக்கு வேலையே இல்லை" என்றார் எங்கள் செயலாளர். அன்று தொடக்கம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அடையாள அட்டையில் தகப்பன் பெயரைப் பிழையாக அடித்துவிட்டு, அதைத் திருத்த உங்களையே அலையவிட்ட அரசாங்கக் கந்தோர்களைக் கண்டவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும். இந்தப் பதிவுகளால் நாங்கள் சிரித்தது கனக்க. ஒருமுறை மட்டும் நெடுந்தீவு வாசிகசாலையையே இழுத்து மூடப் பார்த்தார்கள். இரண்டையும் சொல்கிறேன், பக்கத்துக் கதிரையில் இருங்கள்.

ஊறுகாய் எங்கை?

முதல் தொகுதி வந்த கிழமையே ஆக்கினை தொடங்கிவிட்டது. கம்பனியில் யாரோ விபரங்களை அட்டவணையாக அடிக்கும்போது ஒரு வரி சறுக்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழேயும் பக்கத்துப் புத்தகத்தின் சுருக்கம். கோழி வளர்ப்புப் புத்தகத்துக்குக் கீழே 'திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கான அறிவுரைகள்' என்று இருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் முடிக்கமுன்னர் சிறில் அண்ணை வந்துவிட்டார். கரம்பொன்காரர், கடற்றொழில். மனைவி ஊறுகாய் போட ஆசைப்படுகிறாவாம். அவரே கொம்பியூட்டரில் தேடி, 'ஐம்பது வகை ஊறுகாய், செய்முறை விளக்கத்துடன்' என்பதைக் கண்டுபிடித்து, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அட்டையில் ஒரு பெட்டை சன்னலோடு நின்று கண்ணீர் விடுகிறாள். அவள் வெங்காயம் வெட்டுகிறாள் என்று மனிசன் நினைத்திருக்கிறார். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினன் தங்கச்சி, ஊறுகாயைக் காணேல்லை. அது போகட்டும், அந்தப் பெட்டை கடைசியில ஆரைக் கட்டினவள் எண்டு தெரியாமல் இவவுக்கு நித்திரை இல்லை. ரெண்டாம் பாகம் இருந்தால் கெதியாய்த் தாரும்."

நிரோசனின் அன்பளிப்பு

எங்கள் முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே கம்பனியில் ஒரு தம்பி இருந்தான், பெயர் நிரோசன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் எவ்வளவு கோபத்தோடு ரெலிபோன் எடுத்தாலும் "சொல்லுங்க அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு பிழைகளைச் சொல்லுவேன். "ஐயோ அக்கா, உடனே பாக்கிறேன்" என்பான். அடுத்த தொகுதியிலும் அதே பிழை வந்து நிற்கும்.

ஒருநாள் அவனைப் பிடித்துவைத்து எங்கள் தீவுகளைப் படிப்பித்தேன். புங்குடுதீவுக்கு றோட்டால் போகலாம், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலால்தான் போகவேணும், நெடுந்தீவு கிட்டத்தட்ட ஒரு மணித்தியால ஓட்டம், காற்று எழும்பினால் அந்த ஓட்டமும் இல்லை, அங்கே ஒரு பதிவு பிழையானால் நான் ஓடிப்போய்த் திருத்த ஏலாது என்றெல்லாம் சொன்னேன். நெடுந்தீவுக்குக் கம்பனி தரப்போகிற கொம்பியூட்டரும் எங்களோடு இணையப்போவதில்லை. மாதக் கடைசியில் எத்தனை புத்தகம் இரவல் போனது என்ற கணக்கு மட்டும் வரும். தம்பிக்கு மனம் இளகிவிட்டது. நெடுந்தீவுக்கென்று ஒதுக்கிய புத்தகங்களின் பதிவுகளைத் தானே கொம்பியூட்டரில் ஏற்றி, கொம்பியூட்டரையும் புத்தகங்களையும் பெட்டி கட்டி, நேரே குறிகாட்டுவான் துறைக்கு அனுப்பிவிட்டான். காசும் வேண்டாமாம், தன்னுடைய அன்பளிப்பாம். "தம்பி, நான் ஒருக்கால் பாத்திட்டு…" என்று இழுத்தேன். பெட்டிகள் அதற்குள் வள்ளம் ஏறிவிட்டன. நிரோசன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, இனிமே நெடுந்தீவைப் பத்தி நீங்க கவலையேபட வேணாம்!"

மோசம்போன பிறகு எழுத்தாளர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசம்போனால், முப்பத்தோராம் நாள் நினைவுமலர் ஒன்று அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அட்டையில் அவரின் பெரிய படம், அதன் கீழ் பெயர், உள்ளே தேவாரங்களும் பேரப்பிள்ளைகளின் புலம்பலும். யாரோ ஒருவரின் வீட்டுப் புத்தகங்களைக் கம்பனி மொத்தமாக வாங்கியபோது இந்த மலர்களும் கூட வந்திருக்கின்றன. கொழும்பில் பதிவு செய்த பிள்ளை அட்டையைப் பார்த்திருக்கிறது. படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வேறு யார்? ஆசிரியர்தான்! அப்படியே அடித்துவிட்டது. எங்கள் கொம்பியூட்டரின்படி, தீவுப்பகுதியில் ஒரு பெரிய இலக்கியப் பரம்பரை இருந்திருக்கிறது. எல்லாரும் தாங்கள் மோசம்போன முப்பத்தோராம் நாளில் முதல் நூலை வெளியிட்டவர்கள்.

புங்குடுதீவிலிருந்து புவனேஸ்வரி அக்கா ஒருநாள் வந்தார். தோட்டம் செய்த குடும்பம். கணவர் போய் இரண்டு மூன்று வருடம். யாரோ சொல்லக் கேட்டு, கணவரின் பெயரைக் கொம்பியூட்டரில் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். 'ஆசிரியர்' என்று வந்தது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "பிழையாய்ப் போட்டிட்டினம் அக்கா, இப்பவே மாத்திறன்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாவாக்கும் என்று எழும்பினேன். மனிசி சிரிக்கிறா! சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணம் பேசிக் கொண்டிருந்த காலத்தில எனக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாத மனுசன், செத்தபிறகு புத்தகம் எழுதியிருக்கிறார்! மாத்தாதையும் பிள்ளை, ரெண்டு நாளைக்கெண்டாலும் கிடக்கட்டும். என்ரை தங்கச்சியைக் கூட்டிவந்து காட்டோணும்."

மூன்றாவதுதான் திறம்

இது சின்னக் கதை. ஒரே நாவலைக் கம்பனி மூன்று தடவை மூன்று பதிவாக அனுப்பியிருந்தது. அட்டை வேறு, பதிப்பு வேறு, ஒன்றில் தலைப்புக்கு முன்னால் 'குடும்ப நாவல்' என்று வேறு போட்டிருந்தார்கள். நான் அவற்றை ஒன்றாகச் சேர்க்கமுன்னர், வேலணையிலிருந்து வருகிற ஒரு ரீச்சர் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் வாசித்துவிட்டார். கடைசியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் தயங்கித் தயங்கி, மூன்றுக்கும் வித்தியாசம் ஏதும் தெரிந்ததா என்று கேட்டேன்.

"தெரியாமல்? முதல் ரெண்டிலையும் அந்த மாமியார் சரியான பொல்லாதவ. மூண்டாவதை எழுதேக்கைதான் எழுத்தாளருக்குக் கொஞ்சம் பக்குவம் வந்திருக்குது."

பூச்சியம்

இனிச் சிரிப்பு வராத கதை. நெடுந்தீவிலிருந்து முதல் மாதக் கணக்கு வந்தது. இரவல் போன புத்தகங்கள்: பூச்சியம். சரி, புதுக் கொம்பியூட்டர், சனம் பழகவேணும் என்றோம். அடுத்த மாதமும் பூச்சியம். அதற்கடுத்த மாதமும் அதே பூச்சியம். நெடுந்தீவு வாசிகசாலையைப் பார்ப்பவர் பிலோமினா அக்கா. கடற்றொழில் குடும்பத்துப் பெண். வாசிகசாலை திறந்த நாளிலிருந்து அவர்தான் அங்கே எல்லாம். பெருத்த குரல், அதைவிடப் பெருத்த மனம். நான் ரெலிபோன் எடுத்து, "அக்கா, சனம் வருதே? புத்தகம் எடுக்கினமே?" என்று கேட்டால், "ஓமோம், வருகினம், எடுக்கினம், ஒரு குறையுமில்லை" என்பார். "கொம்பியூட்டர் வேலை செய்யுதே?" என்றால், "அது சுகமாய் இருக்குது" என்பார். அதற்குமேல் கேட்கமுன்னம் காற்றுக்கு லைன் அறுந்துவிடும்.

எங்கள் செயலாளர் பாங்கில் மனேஜராக இருந்து இளைப்பாறியவர். நல்ல மனிதர். ஆனால் திரையில் ஒரு எண்ணைக் கண்டால் அவருக்குக் கண்முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் வாசிகசாலை என்னத்துக்கு, அதை மூடிவிட்டுப் புத்தகங்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவருவோம் என்று அறக்கட்டளைக்கு எழுதினார். அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு கவலை. பிலோமினா அக்காவின் வேலை போகும் என்பது ஒன்று. வள்ளம் ஓடாத நாட்களில் அந்தத் தீவில் ஒரு புத்தகமும் இல்லாமல் போகுமே என்பது அதைவிடப் பெரிது. "சேர், பதிவிலை ஏதோ பிழை இருக்கும். அக்கா பொய் சொல்லுற ஆள் இல்லை" என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, கொம்பியூட்டருக்கும் பிலோமினாவுக்கும் என்ன காணிச் சண்டையே, அது பொய் சொல்ல? சனிக்கிழமை வெறும் பெட்டிகளோடை வாரும், நானும் வாறன்."

வெறும் அலுமாரி

சனிக்கிழமை குறிகாட்டுவானில் பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றினோம். மூடி போட்ட பச்சைப் பெட்டிகள், நூலகத்தின் பெயர் எழுதியவை. செயலாளர் ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் கம்பியையும் பிடித்தபடி இருந்தார். நான் வாடிப்போய் மூலையில் இருந்தேன். வள்ளத்தில் வந்த சனம் மட்டும் பெட்டிகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு மனிசி தன் மரக்கறிப் பையை மடியில் தூக்கி வைத்துவிட்டு, பெட்டி நனையாமலிருக்க இடம் விட்டார். இன்னொருவர் ரெலிபோனில், "ஓமடா, பெட்டி வருது. கனக்க வருது" என்று யாருக்கோ உரத்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் மனநிலையிலும் நான் இல்லை.

துறையிலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாசிகசாலைக்குப் போனோம். பிலோமினா அக்கா வாசலில் நின்றார். புத்தகங்களை எடுக்க வருகிறோம் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். முகம் வீங்கியிருந்தது, இரவு அழுதிருக்கிறார். ஆனாலும் "வாங்கோ சேர், கணவாய்க் கறி வைச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்றார். செயலாளர் அதைக் காதில் வாங்காமல் விறுவிறு என்று உள்ளே போனார். அலுமாரி அலுமாரியாகத் திறந்தார். எல்லாம் வெறுமை! ஒரு மூலையில் மட்டும் 'வங்கிச் சட்டங்களும் திருத்தங்களும்' என்று ஒரு தடித்த புத்தகம் தனியே சாய்ந்துகொண்டு நின்றது. கொம்பியூட்டரின்படி ஒரு புத்தகமும் வெளியே போகவில்லை. கண்ணின்படி அதைத் தவிர ஒரு புத்தகமும் உள்ளே இல்லை. செயலாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். "புத்தகங்களை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்றார். அக்காவுக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் எங்கே போனதோ, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒளிக்கிறதோ? இது வாசிகசாலை சேர், வாசிக்கிறதுக்குக் குடுத்தனான்!"

சிவப்பு எழுத்து

எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. அக்காவைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது. ஆனால் செயலாளர் விடுகிற ஆள் இல்லை. "குடுத்தால் ஏன் கொம்பியூட்டரில விழேல்லை? எப்பிடிக் குடுக்கிறனீர், செய்து காட்டும்" என்று அந்த வங்கிச் சட்டப் புத்தகத்தை மேசையில் வைத்தார். அக்கா அதன் பட்டைக்குறியீட்டைக் கருவியால் தொட்டார். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'உசாத்துணை நூல். இரவல் வழங்க முடியாது.' அதாவது, அங்கேயே இருந்து பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. நான் ஓடிப்போய் மற்றப் பதிவுகளைத் திறந்தேன். மீன்பிடிப் புத்தகம், உசாத்துணை. சமையல், உசாத்துணை. சின்னப்பிள்ளைகளின் படக்கதை, அதுவும் உசாத்துணை! நிரோசன் தம்பி முதல் புத்தகத்துக்குப் போட்டதை அப்படியே எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டிருக்கிறான். அன்பளிப்பு!

"இந்தச் சிவப்பு எழுத்தை ஏன் எனக்குச் சொல்லேல்லை அக்கா?" என்று நான் கத்தினேன். அவருக்கு அது வியப்பாக இருந்தது. "அது எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லுது. அதின்ரை குணம் அது எண்டு விட்டிட்டன்" என்றார். சொல்லிக்கொண்டே சிவப்பு எழுத்தை மூடிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிச் செயலாளரின் கையில் கொடுத்தார்.

"கொம்பியூட்டர் ஏலாது எண்டுது, சனம் தாங்கோ எண்டுது. நான் சனத்தின்ரை பக்கம் நிண்டிட்டன். நீங்களும் கொண்டுபோய் வாசியுங்கோ சேர், இதைத்தான் இங்கை ஒருத்தரும் எடுக்கினமில்லை."

பெட்டி வந்திட்டுது

அந்த நேரம் பார்த்து வெளியில் ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தால், வாசல் நிரம்பச் சனம். சைக்கிளில் வருகிறார்கள், நடந்து வருகிறார்கள். வலைக்குப் போய்வந்த உடுப்போடு ஒருவர், வெயிலுக்குப் புத்தகத்தையே தலையில் பிடித்தபடி ஒருத்தி. எல்லார் கையிலும் எங்கள் புத்தகம். நெடுந்தீவில் பச்சைப் பெட்டி வந்தால் புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வள்ளத்தில் கண்டவர்கள் ரெலிபோனில் சொல்லி, ஊர் முழுக்கப் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்க வந்துவிட்டது. செயலாளர் வங்கிச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் மேசையில் புத்தகங்கள் குவிந்துகொண்டே போயின. பக்க விளிம்பெல்லாம் கைபட்டுக் கறுத்திருந்தது. ஒன்றுக்குள் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவர் அதை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

வலை உடுப்போடு வந்தவர் பொறுமை இல்லாமல் பெட்டியின் மூடியைத் திறந்தார். அடுத்ததையும் திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "என்ன சேர், வெறும் பெட்டியோ?" என்று அவர் கேட்டார். பிலோமினா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் செயலாளரைப் பார்த்தேன். பெட்டி எதற்கு வந்தது என்று அவர் வாயால்தான் வரவேண்டும். அவர் சனத்தைப் பார்த்தார், மேசையில் குவிந்ததைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பாங்கில் எத்தனையோ பேருக்குக் கடன் இல்லை என்று முகம் மாறாமல் சொன்ன மனிதர். அன்றைக்குக் காது இரண்டும் சிவக்கச் சிவக்கச் சொன்னார்.

"அது… பெட்டி முந்தி வந்திட்டுது. புத்தகம் அடுத்த கிழமை வரும்."

புத்தகம் அடுத்த கிழமை வந்தது, செயலாளரே கொண்டுபோனார், கணவாய்க் கறியும் சாப்பிட்டார். நான் கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு பதிவையும் அரிசியில் கல் பொறுக்குவது போல இன்றைக்கும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஆனால் எந்த வாசிகசாலைக்குப் போனாலும் அலுமாரி நிரம்பி ஒழுங்காக இருப்பதைக் கண்டால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.